தரையில முட்டை போடுற பறவைங்களும் நாயும் காக்காயும்: மதுரைப் பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

மாசி முடிஞ்சு கண்மாய்ல தண்ணி வத்த ஆரம்பிச்சா போதும், ஃபோனுக்கு வர்ற படம் பூராம் ஒண்ணுதான்: தரையில நாலு முட்டை, கீழ "அண்ணே இது என்ன முட்டை, என்ன பண்றது, நாய் தின்னுருமா?" ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா டைப் பண்ணி விரல் வலிச்சதுதான் மிச்சம், அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய வச்சு பதில இங்க போட்டுருக்கேன். மேல இருந்து வரிசையா படிச்சா நல்லது, ஏன்னா கீழ உள்ள பதில் சிலது மேல சொன்னத நம்பித்தான் நிக்குது.

தரையில முட்டை போடுற பறவைன்னா எதெது? மயிலு, கவுதாரி எல்லாமா?

மயிலு, கவுதாரி, பக்கி எல்லாமே தரையிலதான் முட்டை போடும், ஆனா அதுங்க புதரு, புல்லு மறைவப் பாத்துப் போடும். இங்க நான் பேசுறது பொட்டல்ல, ஆத்து மணல்ல, கண்மாய் உள்வாய்ல மறைவே இல்லாம போடுற கூட்டத்தப் பத்தி. நம்ம பக்கம் முக்கியமா ஆக்காட்டி, அதுல ரெண்டு வகை இருக்கு, கண்ணுக்கு முன்னாடி சிவப்பா சதை உள்ளது தண்ணி ஓரமா இருக்கும், மஞ்சளா தொங்குறது தண்ணியே இல்லாத காஞ்ச மேட்டுலயும் இருக்கும். அப்புறம் பட்டாணி உப்புக்கொத்தி, நெடுங்கால் உள்ளான், ராத்திரி கத்துற கண்கிலேடி, ஆத்துத் திட்டுல போடுற ஆத்து ஆலா.

கூடு கட்டாம வெறுந்தரையில போடுதே, அதுக்கு அறிவு கிடையாதா?

நல்லாவே இருக்கு. இதுங்க நம்புறது மறைவ இல்ல, பார்வைய. சுத்தி வெட்டவெளியா இருந்தா நாயோ நரியோ தூரத்துல வரும்போதே பாத்துட்டு சத்தமில்லாம எந்திரிச்சு நடந்து போயிரும், முட்டை கூழாங்கல்லு மாதிரியே புள்ளி புள்ளியா கிடக்கும், வர்றவன் மிதிக்கிற தூரத்துல நின்னாக்கூட கண்ணுக்குத் தெரியாது. ரொம்பப் பக்கத்துல வந்துட்டா ஆக்காட்டி தலைக்கு மேல பாஞ்சு பாஞ்சு கத்தும், உப்புக்கொத்தி றெக்கை ஒடிஞ்ச மாதிரி தரையில இழுத்துக்கிட்டு ஓடி எதிரிய வேற பக்கம் கூட்டிட்டுப் போயிரும், கொஞ்ச தூரம் போனதும் ஜம்முனு பறந்துரும். பாத்தவங்களுக்குத் தெரியும், சினிமால கூட அவ்வளவு நல்ல நடிப்பு கிடையாது.

இந்த ஏற்பாடு பூராம் எதிரி எப்பவாவது ஒருக்கா வருவான்ங்கிற கணக்குல அமைஞ்சது. ஒரே கண்மாய்ல இருபது நாயி ராத்திரி பகல்னு சுத்துனா அந்தக் கணக்கு உடைஞ்சிரும். நான் சொல்ல வர்ற விஷயமே இதுதான், கீழ எல்லா பதிலும் இங்கிட்டுதான் வந்து நிக்கும்.

இதெல்லாம் அழிஞ்சு போற இனமா? ஆக்காட்டி எங்க பாத்தாலும் கத்திக்கிட்டுதான இருக்கு?

சரியான கேள்வி. சிவப்பு மூக்கு ஆக்காட்டிக்கு இப்ப ஆபத்து ஒண்ணும் இல்ல, அத அழிவுப் பட்டியல்ல யாரும் வைக்கல. ஆனா இதே மாதிரி ஆத்து மணல்ல முட்டை போடுற சொந்தக்காரங்க நிலைமை வேற. ஆத்து ஆலாவ, எந்த உயிருக்கு எவ்வளவு ஆபத்துன்னு உலக அளவுல கணக்கெடுக்குற ஐயுசிஎன் அமைப்போட பட்டியல்ல அழிய வாய்ப்புள்ள இனமா வச்சிருக்காங்க, பெரிய கண்கிலேடி அதவிட ஒரு படி கம்மியான ஆபத்துல நிக்குது. வடக்க சம்பல் ஆத்துல இருக்குற இந்திய நீர்கிழிப்பான், அது இன்னும் மோசம், அழிந்துவரும் இனம்.

ஆத்து ஆலாவுக்கு எது ஆகுதோ அதேதான் ஆக்காட்டிக்கும் ஆகுது. நம்ம கண்ணுக்கு முன்னாடி இருக்குற ஆக்காட்டிய வச்சுப் பழகிக்கிட்டா, நாளைக்கு ஒரு அரிதான பறவை உங்க ஊரு மணல் திட்டுல வந்து உக்காந்தா என்ன செய்யணும்னு கை தானா தெரிஞ்சிக்கும்.

எந்த மாசத்துல பாக்கணும்?

பங்குனியில ஆரம்பிச்சு ஆடி வரைக்கும். கரெக்டா கண்மாய் காயுற நேரம், திருவிழா நேரம், வண்டல் அள்ளுற நேரம், பள்ளிக்கூட லீவு நேரம். பாவம், எல்லாம் ஒண்ணா வருது.

முட்டைய யாருதான் திங்கிறா? எல்லாரும் கீரிங்கிறாங்க.

கீரி திங்கும், உடும்பு திங்கும், சாரைப்பாம்பு, நரி, பூனை, செம்போத்து, பருந்து எல்லாமே கிடைச்சா விடாது. ஆனா ஊரை ஒட்டுன கண்மாய்ல முதல் ரெண்டு இடம் தெருநாய்க்கும் காக்காய்க்கும்தான்னு என் அனுபவம் சொல்லுது. கீரி அதோட எல்லைக்குள்ள ஒண்ணு ரெண்டுதான் இருக்கும், நாயும் காக்காயும் நாம போடுற சோத்துல பெருகுது.

முட்டை இருந்த இடத்துல என்ன மிச்சம் கிடக்குன்னு பாத்தா ஓரளவு கண்டுபிடிக்கலாம். கொத்துன ஓட்டை உள்ள பெரிய ஓடு கிடந்தா அனேகமா காக்கா. ஒண்ணுமே இல்லாம துடைச்ச மாதிரி இருந்தா பாம்போ உடும்போ முழுசா முழுங்கியிருக்கலாம், மனுசப் பயலும் எடுத்திருக்கலாம், அத மறந்துராதீங்க. ஈர மண்ணா இருந்தா கால் தடம் எல்லாத்தையும் சொல்லிரும். குழிக்குள்ள பொடிப்பொடியா ஓட்டுத் துணுக்கு மட்டும் கிடந்தா சந்தோசப்படுங்க, அது குஞ்சு பொரிச்சுப் போன அடையாளமா இருக்க வாய்ப்பு அதிகம்.

வாக்கிங் போகும்போது முட்டையப் பாத்துட்டேன், இப்ப நான் என்ன செய்யணும்?

வந்த வழியே திரும்பிப் போங்க. அம்புட்டுதான், நிஜமா. சித்திரை வெயில்ல மதுரை மண்ணு மத்தியானம் எப்படிச் சுடும்னு உங்களுக்கே தெரியும், அந்த நேரத்துல தாய் பறவை முட்டைய சூடேத்தல, குடை மாதிரி நின்னு நிழல் குடுக்குது, சில நேரம் ஆக்காட்டி தண்ணியில போயி வயித்து றெக்கைய நனைச்சுக்கிட்டு வந்து முட்டை மேல உக்காரும். நீங்க அங்கயே நின்னு கால் மணி நேரம் படம் எடுத்தா அது வராது, நாய் வரத் தேவையே இல்ல, முட்டை வெயில்லயே வெந்துரும்.

இன்னொன்னு, காக்காய்க்கு நம்மளவிட கண்ணு கூர்மை. நீங்க நின்ன இடத்தையும் தாய் எந்திரிச்ச இடத்தையும் கரண்ட் கம்பியில உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கும். எவ்வளவு தூரத்துல நிக்கணும்னு மீட்டர் கணக்கு கேப்பாங்க. பறவையே சொல்லும்ங்க, அது எந்திரிச்சாலோ கத்துனாலோ நீங்க ஏற்கனவே ரொம்பப் பக்கம் வந்தாச்சு.

முட்டை மட்டும் அனாதையா கிடக்கு, தாயக் காணோம். எடுத்துட்டு வந்து அடைக்கோழி கிட்ட வைக்கலாமா?

வேணாம்ங்க. முதல் விஷயம், அது அனாதை இல்ல, உங்களப் பாத்து எந்திரிச்சுப் போயிருக்கு, நீங்க போனதும் வரும். ரெண்டாவது, நாலு முட்டையும் போட்டு முடிக்கிற வரைக்கும் சரியா அடையில உக்காராது, அதனால ஒண்ணு ரெண்டு முட்டை மட்டும் இருந்தா தாய் பக்கத்துல இல்லாதது சாதாரணம்.

மூணாவது சட்டம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைன்னா துப்பாக்கி எடுத்து சுடுறது மட்டும் கிடையாது, காட்டுப் பறவையோட முட்டைய சேதப்படுத்துறது, முட்டையவோ கூட்டையோ கலைக்கிறதும் வேட்டைன்னுதான் எழுதியிருக்கு. நல்ல எண்ணத்துல செஞ்சேன்னு சொன்னா வாதம் பண்ணலாம், ஆனா கோழி பொரிச்ச ஆக்காட்டிக் குஞ்சுக்கு எது எதிரி, எப்ப படுக்கணும், எப்ப ஓடணும்னு கோழி சொல்லித் தராது.

குஞ்சு ஒண்ணு தனியா ரோட்டோரம் நிக்குது, தூக்கிட்டு வரட்டா?

தூக்காதீங்க. கோழிக்குஞ்சு மாதிரிதான், பொரிச்ச ஒரு நாளைக்குள்ள கூட்ட விட்டுக் கிளம்பிரும், தானாவே பூச்சி பொறுக்கித் திங்கும், தாய் தகப்பன் தூரத்துல இருந்து சத்தம் குடுத்தே மேய்க்கும். ஆபத்துன்னா தரையோட தரையா படுத்துக்கும், அதத்தான் நிறைய பேரு "அடிபட்டுக் கிடக்கு"ன்னு நினைக்கிறாங்க. ரோட்டு நடுவுல நின்னா மட்டும் அது போய்க்கிட்டு இருந்த பக்கமா ஓரத்துல விட்டுட்டு நகந்துருங்க. நிஜமாவே ரத்தம், ஒடிவுன்னா வனத்துறைக்கு சொல்லுங்க, நீங்களா பால் ஊத்துறது, சோறு ஊட்டுறது வேணாம்.

வெளிநாட்டுல கூட்டைச் சுத்தி கம்பிக் கூண்டு வைக்கிறாங்கன்னு வீடியோல பாத்தேன். நாமளும் வச்சா என்ன?

அடிக்கடி வர்ற கேள்வி, அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். அமெரிக்காவுல பைப்பிங் ப்ளோவர்னு நம்ம உப்புக்கொத்தி சைஸ்ல ஒரு பறவை, பெரிய ஏரிங்க பக்கம் 1986ல பாதுகாப்புப் பட்டியல்ல சேக்கும்போது இருபது ஜோடி கூட இல்ல, இப்ப எண்பது ஜோடியத் தாண்டியிருக்கு. அங்க முட்டை போட்டதும் சுத்தி கம்பி வலைக்கூண்டு வைப்பாங்க, வலைக் கண்ணு சுமாரா 5 செ.மீ.க்கு 10 செ.மீ., பறவை சந்துக்குள்ள நடந்து போகும், நாயும் நரியும் உள்ள வர முடியாது. முட்டை பொரியிறது நல்லாவே கூடுச்சு.

ஆனா அந்தக் கதையில வீடியோல வராத பக்கம் ஒண்ணு இருக்கு. கூண்டு இருக்குற இடத்த மெர்லின்னு ஒரு சின்ன வல்லூறு கத்துக்கிட்டு, கூண்டுல இருந்து வெளிய வர்ற தாயவே அடிச்சுத் தூக்க ஆரம்பிச்சது. முட்டை போனா திரும்பப் போடும், தாய் போனா முடிஞ்சது. அதனால அங்கயே எந்த இடத்துல கூண்டு வைக்கலாம், எங்க வைக்கக் கூடாது, எப்ப எடுக்கணும்னு பாத்துப் பாத்துத்தான் செய்றாங்க. அதுவும் போக கூண்டு முட்டைக்கு மட்டும்தான் காவல், பொரிச்ச மறுநாள் குஞ்சு வெளிய நடந்துரும்னு மேல சொன்னேன்ல, அப்புறம் வெளிய அதே நாய்தான நிக்குது. அங்க எண்ணிக்கை கூடுனதுக்கு கூண்டு ஒரு காரணம், ஏரிக்கரைய அந்த சீசனுக்கு அடைச்சது, நாய கயிறு போட்டுத்தான் கூட்டிட்டு வரணும்னு வச்சது, கைவிட்ட முட்டைய எடுத்துப் பொரிக்க வைக்கிற பயிற்சி உள்ள ஆளுங்க, காவலுக்கு நின்ன தன்னார்வலர்கள்னு மத்ததெல்லாம் சேந்துதான்.

நம்ம ஆக்காட்டிக்கு வந்தா இன்னொரு சிக்கல். பைப்பிங் ப்ளோவர் ஒரு ஜாண் கூட வராது, ஆக்காட்டி 35 செ.மீ. நீளம், உயரமான கால் வச்ச பறவை. அந்த சந்துல நுழையாது. சந்தப் பெருசாக்குனா கீரி ஜாலியா போகும். புதுசா ஒரு இரும்பு சாமான் பக்கத்துல முளைச்சா முட்டையவே விட்டுட்டுப் போறதும் உண்டு. அனுமதி இல்லாம, பழக்கமில்லாம நீங்களா கூண்டு வைக்காதீங்க, இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. அரிதான பறவைன்னா வனத்துறையும் ஆராய்ச்சியாளர்களும் முடிவு பண்ணட்டும்.

கூண்டு வேணாம் சரி, சீமைக்கருவேல முள்ள வெட்டி சுத்திப் போடலாமா? அதுதான் சும்மா கிடக்கே.

மாடு, ஆடு மிதிக்காம இருக்கணும்னா இது உதவும், அதுவும் எப்படிப் போடுறோம்ங்கிறதப் பொறுத்து. முட்டைய ஒட்டி குவிச்சு வச்சீங்கன்னா பறவைக்கு சுத்திப் பார்வை போயிரும், கீரிக்கும் பாம்புக்கும் ஒளிய இடம் கிடைக்கும், உசரமா குச்சி நீட்டிக்கிட்டு இருந்தா காக்காய்க்கு உக்கார நாற்காலி போட்ட மாதிரி. தூரமா அகலமா, முழங்கால் உசரத்துக்கு மேல போகாம, ஒரே தடவையில போட்டுட்டு வந்துரணும், வெயில் இறங்குன பிறகு. தினம் போயி சரி பண்ணிக்கிட்டு இருக்குறதுக்கு போடாம இருக்குறது மேல்.

இதோட சேத்து இன்னொன்னும் சொல்லிக்கிறேன், திட்டுனாலும் பரவால்ல. கண்மாய் உள்வாய்ல வெட்டவெளியா கிடக்குற இடத்துல எல்லாம் மரக்கன்னு நடுறோம்னு கிளம்புறாங்க. கரையில நடுங்க, ஊருக்குள்ள நடுங்க, ரோட்டோரம் நடுங்க. ஆனா பொட்டலா இருக்குறது சும்மா கிடக்குற நிலம் கிடையாது, அது இதுங்களோட வீடு. நடுவுல மரம் வந்தா காக்காயும் வைரியும் உக்காந்து நோட்டம் விடும்.

தெருநாய பூராம் பிடிச்சு வேற ஊருல விட்டுட்டா பிரச்சினை தீந்துரும்ல?

தீராது, செய்யவும் கூடாது. 2023 விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிப்படி தெருநாய பிடிச்சா கருத்தடை பண்ணி, தடுப்பூசி போட்டு, பிடிச்ச இடத்துலயே திரும்ப விடணும், அதுவும் மாநகராட்சியோ ஊராட்சியோ முறையா செய்யணும். விஷம் வைக்கிறதப் பத்தி யோசிக்கவே வேணாம், குற்றம்ங்கிறது ஒரு பக்கம், அந்த விஷத்தத் தின்னு செத்த நாயத் தின்னு பருந்து, காக்கா, கீரின்னு வரிசையா சாகும்.

இன்னைக்கு இருக்குற நாய கொண்டு போனாலும் சோறு அங்க கிடந்தா அடுத்த மாசம் வேற நாய் வரும். கண்மாய் ஓரம் யாரு கோழிக்கழிவு கொட்டுறா, கல்யாண மண்டபத்து எச்சில் இலை எங்க போகுதுன்னு பாருங்க. ராத்திரி மூட்டை மூட்டையா கொட்டிட்டுப் போறாங்க, காலையில அந்த இடத்துல காக்கா எத்தனை, நாய் எத்தனைன்னு எண்ணிப் பாருங்க, அங்கிருந்து முட்டை கிடக்குற இடம் எவ்வளவு தூரம்னும் பாருங்க. ஊராட்சியில மனு குடுக்குறது, கறிக்கடைக்காரங்ககிட்ட நேர்ல பேசுறது, வண்டி வர்ற பாதையில கல்லப் போட்டு மறிக்கிறது, இதெல்லாம் யூடியூப்ல போட நல்லா இருக்காது, ஆனா வேலை செய்யிறது இதுதான்.

நான் தினமும் கண்மாய்க்கரை நாய்ங்களுக்கு சோறு வைக்கிறேன். பசியோட இருந்தாத்தான முட்டையத் திங்கும், வயிறு ரொம்புனா திங்காதுல?

உங்க மனசு நல்ல மனசுங்க, ஆனா நாய் விசயத்துல அப்படி நடக்காது. வயிறு ரொம்புன நாயும் விளையாட்டுக்கு துரத்தும், குஞ்ச வாயில கவ்வும், சும்மா அந்தப் பக்கம் படுத்துக் கிடந்தாலே தாய் முட்டைக்கு வராது. அது போக சோறு தினம் கிடைக்கிற இடத்துல கூட்டம் சேரும். சோறு வைக்க வேணாம்னு சொல்லல, இடத்த மாத்துங்க, கரைய விட்டு ஊருப்பக்கம் தள்ளி, ஒரே நேரத்துல வச்சு மிச்சத்த அள்ளிட்டு வாங்க. அந்த 2023 விதியிலயே சோறு வைக்க தனியா இடம் ஒதுக்கணும்னுதான் இருக்கு. அப்படியே அந்த நாய்ங்களுக்கு கருத்தடை நடக்க ஏற்பாடு பண்ணுனீங்கன்னா உங்களவிட பெரிய பறவைக் காவலர் யாரும் இல்ல.

காக்காய வேட்டு போட்டு விரட்டலாமா? இல்ல செத்த காக்காயக் கட்டித் தொங்க விடலாமா?

வேட்டு போட்டா முதல்ல ஓடுறது தாய் பறவை. காக்கா ரெண்டு நாள்ல பழகிரும். தொங்க விடுறது வயல்ல கொஞ்ச நாளைக்கு எடுபடும், பொட்டல்ல அதுக்குன்னு நீங்க கம்பு நட்டா மேல சொன்ன நாற்காலிக் கதைதான். நாய்க்குச் சொன்ன குப்பை பதிலயே காக்காய்க்கும் வச்சுக்கங்க.

கீரி, உடும்பு, பாம்பு?

விட்டுருங்க. அதுங்க இந்த இடத்துல பறவையோட சேந்து எத்தனையோ காலமா வாழுது, சட்டத்துலயும் பாதுகாப்பு இருக்கு. உடும்ப "பறவையக் காப்பாத்த"ப் பிடிச்சேன்னு சொல்லிக் கறிக்கு வச்ச ஆளுங்களையும் பாத்தாச்சு.

அரிட்டாபட்டி பக்கம் வல்லூறு, கழுகெல்லாம் இருக்கே, அதுவும் குஞ்சத் திங்கும்ல, அப்ப எதக் காப்பாத்துறது?

ரெண்டையும். அரிட்டாபட்டிய 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சதுக்கு அந்த லகர் வல்லூறு மாதிரி பறவைங்களும் ஒரு காரணம். வல்லூறு ஒரு குஞ்ச எடுத்தா அது கணக்குக்குள்ள உள்ள இழப்பு. கேள்வி எது யாரத் திங்குதுன்னு இல்ல, யாரு எண்ணிக்கை நம்மளால ஏறிப் போச்சுங்கிறதுதான், வல்லூறு எண்ணிக்கை நம்ம எச்சில் இலையால ஏறல.

வைகை ஆத்து மணல் திட்டு தண்ணிக்கு நடுவுல இருக்கு, அங்க நாய் எப்படி வரும்?

தண்ணி இருக்குற வரைக்கும் வராது. அதுக்காகத்தான் ஆலா மாதிரி பறவை திட்டத் தேடிப் போகுது. தண்ணி இறங்கி திட்டும் கரையும் ஒண்ணா சேந்துச்சுன்னா ஒரே ராத்திரியில காலி. சம்பல் ஆத்துல நீர்கிழிப்பானுக்கு நடக்குறது அதேதான், தண்ணி கொறஞ்சதும் நாயும் நரியும் மாடும் நடந்தே திட்டுக்குப் போயிரும். அங்க பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கரையோர ஊர்க்காரங்களையே கூடு காவலரா வச்சு சீசன் பூராம் பாத்துக்கிறாங்க. எனக்குப் பிடிச்ச முறை இதுதான், கம்பி இல்ல, கேமரா இல்ல, ஆத்தத் தெரிஞ்ச ஆளு.

நம்ம வைகையில தலைகீழாவும் ஒரு ஆபத்து இருக்கு. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆத்துல இறங்கணும்னு அணையத் திறந்து விடுவாங்க, காஞ்சு கிடந்த மணல்ல முட்டை போட்ட உப்புக்கொத்திக்கு திடீர்னு வெள்ளம். அழகருக்குத் தண்ணி விடாதீங்கன்னு நான் சொன்னா ஊருல இருக்க முடியாது, சொல்லவும் மாட்டேன். தண்ணி வர்றதுக்கு முன்னாடியே தாழ்ந்த மணல்ல கூடு இருக்கான்னு பாத்து வனத்துறைக்குத் தெரியப்படுத்துறது மட்டும் நம்ம கையில இருக்கு. போன முட்டைக்கு பறவை மறுபடி போடும், அத அடுத்த ரெண்டு மாசம் நாம கலைக்காம இருந்தா போதும்.

நாய் காக்காய விடுங்க, ஜேசிபி வந்து வண்டல் அள்ளுது, ஆட்டுக் கிடை போடுறாங்க, மீன்பிடி திருவிழா வருது, இதுக்கு என்ன வழி?

இதுல யாரையும் எதிரியாக்காதீங்க, முக்கியம். கிடைக்காரர் வருசா வருசம் அந்தப் பொட்டல்ல நடக்குறவரு, ஆக்காட்டி எங்க முட்டை போட்டிருக்குன்னு நம்மளவிட அவருக்குத்தான் தெரியும். "அண்ணே அந்த மூலைய மட்டும் விட்டு ஓட்டுங்க"ன்னு கேட்டா விட்டுத்தான் ஓட்டுவாரு. ஜேசிபி ஓட்டுறவருக்கும் அதேதான், அவரு எங்க அள்ளுனாலும் வண்டல்தான், நாலு வாரம் ஒரு மூலைய ஒதுக்குறது அவருக்கு பெருசில்ல, ஆனா வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சொல்லணும், டிப்பர் வரிசையில நிக்கும்போது போயி குறுக்க படுக்கக் கூடாது. மீன்பிடி அன்னைக்கு ஊரே இறங்கும், அன்னைக்கு ஒண்ணும் முடியாது, ஊர் பெரியவங்ககிட்ட முன்கூட்டியே பேசி எந்தப் பக்கமா இறங்குறதுன்னு மாத்த முடிஞ்சா லாபம்.

பிளாட்ல வீடு கட்ட வானம் தோண்டணும், நடுவுல ஆக்காட்டி முட்டை. நல்ல நாள் வேற குறிச்சாச்சு. முட்டைய ஓரமா நகத்தி வைக்கலாமா?

நகத்துனா அது அந்த இடத்தத்தான் தேடும், முட்டைய இல்ல, பெரும்பாலும் கைவிட்டுரும். ஆக்காட்டிக்கு அடைகாலம் சுமாரா 28ல இருந்து 30 நாள். நீங்க பாக்கும்போதே பாதி நாள் போயிருக்கலாம். பொரிச்ச ரெண்டாம் நாள் குடும்பத்தோட கிளம்பிரும், இடம் உங்களுக்கு. பூஜைய ஈசானிய மூலையில போட்டுட்டு தோண்டுறத ரெண்டு மூணு வாரம் தள்ளி வச்சவங்க இருக்காங்க, அந்த வீட்டுக்கு ஒரு குறையும் வரல.

வாசனை எதாவது தெளிச்சு நாயக் குழப்ப முடியாதா? மிளகாப்பொடி, ஃபினாயில்?

மிளகாப்பொடியும் ஃபினாயிலும் வேணாம், முட்டை ஓட்டுல சின்னச் சின்ன துளை இருக்கு, உள்ள இறங்கும். ஆனா கேள்வி ஒண்ணும் லேசுப்பட்டதில்ல. நியூசிலாந்துல இதையே வேற மாதிரி செஞ்சு பாத்து 2021ல வெளியிட்டாங்க. பறவைங்க முட்டை போட வர்றதுக்கு சில வாரம் முன்னாடியே அந்த ஆத்துப்படுகை பூராம் பறவை வாடைய தடவி வச்சாங்க. பூனை, ஃபெரெட்னு கீரி மாதிரி ஒண்ணு, முள்ளெலி எல்லாம் வாடையப் பிடிச்சு போயிப் போயிப் பாத்து, ஒண்ணும் கிடைக்காம சலிச்சு அந்த வாடையவே சட்டை பண்ணாம விட்டுருச்சு. அப்புறம் நிஜப் பறவை வந்து முட்டை போட்டப்ப தப்பிச்ச கூடுங்க நல்லாவே கூடுச்சு. மோப்பம் பிடிச்சு வர்ற மிருகத்துக்குத்தான் இது, கண்ணால பாத்து வர்ற காக்காய்க்கு ஒண்ணும் ஆகாது, நம்ம ஊருல காக்கா பங்கு பெருசு. யாராவது பல்கலைக்கழகத்துல முறையா எடுத்துச் செஞ்சா நல்லா இருக்கும், வீட்டுல கோழி றெக்கைய ஊறப்போட்டு நீங்க தெளிக்காதீங்க.

இவ்வளவு பாத்தும் முட்டை போயிருச்சு. எல்லாம் வீணா?

பெரும்பாலும் திரும்பப் போடும், பக்கத்துலயே வேற இடத்துல, சீசன் மிச்சம் இருந்தா. இந்தப் பறவைங்க பல வருசம் வாழும், ஒவ்வொரு வருசமும் எல்லாக் குஞ்சும் தப்பிக்கணும்னு இல்ல. அதனாலதான் கூண்டுக் கேள்வியில தாய் உசுர அவ்வளவு அழுத்திச் சொன்னேன். ஒரு தடவ போனதுக்கு நீங்க மனசு உடைஞ்சு போக வேணாம், வருசா வருசம் ஒண்ணு கூடத் தேறலன்னா அப்பத்தான் அந்தக் கண்மாய்ல எதோ தப்பு.

படம் எடுத்து குரூப்ல, இன்ஸ்டால லொக்கேஷனோட போட்டா விழிப்புணர்வு வரும்ல?

விழிப்புணர்வு வரும், பின்னாடியே முப்பது பேரு கேமராவோட வருவாங்க. கூட்டுப் படத்த சீசன் முடிஞ்சு போடுங்க, இடம் வேணாம். ட்ரோன் கண்டிப்பா வேணாம், பறவைக்கு அது பருந்து. முட்டை நல்லா தெரியணும்னு சுத்தி இருக்குற புல்லப் பிடுங்குறவங்க இருக்காங்க, அவங்ககிட்ட என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

சரி, அப்ப எழுதி வைக்கிறது எப்படி, யாருக்கு சொல்றது?

ஒரு நோட்டு போதும். தேதி, எந்தக் கண்மாய், கலுங்குப் பக்கமா மடைப் பக்கமா, என்ன பறவை, எத்தனை முட்டை, பக்கத்துல நாய் காக்கா எத்தனை, குப்பை இருக்கா. வாரத்துக்கு ஒரு தடவ கரை மேல நின்னு பைனாகுலர்ல தாய் உக்காந்திருக்கான்னு மட்டும் பாருங்க, கிட்ட போயி முட்டைய எண்ண வேணாம். ஈபேர்ட்னு பறவைப் பதிவுக்குன்னே ஒரு வலைத்தளம் இருக்கு, அதுல பறவையப் பதிவு பண்ணலாம், கூட்டோட சரியான இடத்த மட்டும் விட்டுருங்க. ஆலா, பெரிய கண்கிலேடி மாதிரி எதாவது கூடு வச்சிருந்தா மாவட்ட வனத்துறைக்கு எழுத்துல குடுங்க, அதுல உங்க நோட்டுல இருக்குற குப்பை, நாய் கணக்கையும் சேத்து வைங்க, அதே தாள ஊராட்சி மன்றத் தலைவருக்கும் ஒரு காப்பி. ரெண்டு வருச நோட்டு கையில இருந்தா வண்டல் அள்ள அனுமதி குடுக்குறப்ப "இந்த மூலைய விட்டுருங்க"ன்னு கேக்க உங்களுக்கு ஒரு பிடி இருக்கும்.